கைக்குழந்தையும் அப்பாயியும் ஏறிய கப்பல்

2023 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று கரை தொட்டுச் சென்னைக்கே திரும்பும் பயணம் அது. இப்படியொரு பயணத்துக்குக் கிளம்பும் குடும்பத்தில் பேச்செல்லாம் கைக்குழந்தையையும் பெரியவர்களையும் சுற்றித்தான் நடக்கும். பிள்ளைக்குக் கடல்காற்று ஒத்துக்கொள்ளுமா, முழங்கால் வலிக்காரப் பாட்டிக்கு எந்தத் தளத்தில் அறை கேட்பது, யாருடைய பாஸ்போர்ட் எப்போது முடிகிறது, தாத்தாவை விட்டுவிட்டுப் போகலாமா? இதே கேள்விகளைத் தாழ்ந்த கூரை லயக்காம்பிராக்களில், அதாவது தோட்டத்து வரிசை அறைகளில், உட்கார்ந்து இரண்டு மூன்று தலைமுறையாகக் கேட்டவர்கள், தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை மலைநாட்டுக்குப் போன மலையகத் தமிழர்கள். அந்த மலைநாட்டின் வட்டவளையில் கொழுந்து பறித்த ஒரு குடும்பத்துக்கு இந்தியக் கரை எட்டாத தேசமாக இருக்கவில்லை. போய் வரும் ஊராக இருந்தது. கைக்குழந்தையையும் அப்பாயியையும் சேர்த்துக்கொண்டுதான் அந்தக் குடும்பம் கடலைக் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் திரும்பி வருவதும் அடங்கியிருந்தது. ஆனால் 1939 முதல் 1984 வரை வந்த சட்டமும் ஒப்பந்தமும் போரும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கடலை ஒருவழிப் பாதையாக்கின. குடும்பத்தை ஆள் ஆளாகப் பிரித்து எண்ணின. மலையக வரலாற்றை அடிமைத்தனத்தின் கதையாகவும் குடியுரிமைப் போராட்டத்தின் கதையாகவும் நிறைய எழுதியிருக்கிறோம். குடும்பப் பயணத்தின் கதையாகவும் அதை எழுதியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அப்படி எழுதினால்தான் எது உடைந்தது என்பது சரியாகத் தெரியும்.

தொடக்கத்தில் குடும்பம் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸும் ஜார்ஜ் பேர்டும் கண்டி, கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிப் படையில் ஆண்களே மிகுதி. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவம் உண்டு. அந்தப் பருவத்துக்கு வந்து, கையில் எஞ்சியதை முடிந்துகொண்டு திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் சேலத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் திரும்பிவிடுவார்கள். தோணியில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடப்பார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அந்தப் பாதையில் கொன்றவர்களின் தொகையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டோ, தள்ளாத கிழவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டோ கடக்கக்கூடிய வழி அதுவல்ல. குடும்பம் வராததற்குக் காரணம் பாசக்குறைவு இல்லை. பாதைதான் காரணம், பருவம்தான் காரணம்.

இரண்டையும் மாற்றியது தேயிலை. 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் தென்பட்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்து போயிற்று. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் நட்டுப் பார்த்த தேயிலை மலைகளை மூடியது. தேயிலைக்கு ஓய்வுப் பருவம் கிடையாது. கொழுந்து ஆண்டு முழுவதும் வரும், வாரா வாரம் பறித்தாக வேண்டும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் வட்டவளை போன்ற இடத்தில் செடி ஓயாது தளிர்க்கும். பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும் என்று தோட்டத்துரைமார் முடிவு செய்தார்கள். பெண்கள் வந்தால் பிள்ளைகள் வரும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கிழவி வேண்டும். அதனால்தான் லயத்தில் காம்பிரா குடும்பத்துக்கு ஒன்று என்று ஆயிற்று, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் வந்தது. 1874இல் நாவலப்பிட்டி வரை வந்த ரயில் பாதை பத்து ஆண்டில் ஹட்டனுக்கு ஏறியது. கலபொடவுக்கும் ரொசெல்லவுக்கும் நடுவே வட்டவளையிலும் கோச்சி நின்றது. ஆணை மட்டும் கூட்டி வந்த தொழில் குடும்பத்தைக் கூட்டி வரும் தொழிலாக மாறியது இந்த இருபது ஆண்டுகளில்தான். வட்டவளையின் கரோலினா தோட்டத்தில் ஒரு மலையில் கூடை சுமந்தவளின் மாமியார் லயத்து வாசலில் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கவில்லை என்றால், அந்தக் கூடை நேரத்துக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போயிருக்காது.

கடல்வழியும் அதே காலத்தில் மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவில் கொள்ளைநோய் பரவியபோது மன்னார் வழியான வடக்குப் பாதையை மூடினார்கள். ஆட்கள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வந்து ராகமை முகாமில் தங்கித் தோட்டம் போனார்கள். பிறகு 1914 வந்தது. பாம்பன் பாலம் திறந்தது, தனுஷ்கோடிக்கு ரயில் போனது, மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கும் தண்டவாளம் போட்டார்கள். நடுவில் கிடந்த இருபத்திரண்டு மைல் தண்ணீரைக் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற நீராவிக் கப்பல்கள் கடந்தன. திருச்சியில் ரயில் ஏறியவர் நடக்காமலேயே வட்டவளையில் இறங்கலாம் என்ற நிலை வந்தது. எழுபது வயதுக் கிழவனும் பால்குடி மறக்காத பிள்ளையும் சேர்ந்து போகக்கூடிய முதல் வழி அதுதான். மலையகத்தின் நவீன வரலாறு இந்தக் கப்பலில் தொடங்குகிறது என்பேன். அது வந்த பின்புதான் கண்டிச்சீமையும் ஊரும் ஒரே குடும்பத்தின் இரண்டு முற்றங்கள் ஆயின.

அந்த வழி இதமான வழியாக இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கப்பலேறுமுன் மண்டபம் முகாமில் தொழிலாளரை நோய்த்தடுப்புக்காகத் தங்க வைப்பார்கள். உடுத்த துணியை வாங்கி ஆவியில் அவித்துத் தருவார்கள். குளிக்கச் சொல்வார்கள். அம்மை குத்துவார்கள். கைக்குழந்தைக்கும் குத்துவார்கள். குத்தின இடம் வீங்கிக் காய்ச்சல் கண்ட பிள்ளையோடு அயலாரின் கூட்டத்தில் ஒரு தாய் நாட்களைக் கடத்த வேண்டும். மேல்வகுப்புப் பயணிக்கு வண்டியிலேயே ஒரு பார்வையோடு சோதனை முடிந்துவிடும். தோட்டத்து ஆளுக்கு முகாம். எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்று கழுத்தில் தொங்கும். வயது, உறவுமுறை, பூர்வீகம் எதையும் அந்தத் தகரம் சொல்லாது, தோட்டத்தின் எண்ணை மட்டும் சொல்லும். பிற்பாடு வந்த பெரிய காகிதங்கள் எல்லாமே இந்தச் சிறு தகரத்தின் வழிவந்தவை. குடும்பமாக வந்தவரை அவை ஒவ்வொன்றும் தனி ஆளாகத்தான் பார்த்தன.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுத்துக் கட்டிக்கொண்டு போன ஆட்களுக்குக் குடும்பத் திட்டம் எங்கே இருந்தது, கடன் இழுத்த வழியில்தானே போனார்கள் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பயணச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் பற்றில் ஏறின. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாதபடி கடன்தொகையைக் குறித்த துண்டுச் சீட்டு முறை கட்டிப் போட்டது. அந்த முறை 1921இல் ஒழிந்தது. ஆள்கட்டும் செலவை ஆளின் தலையில் போடக்கூடாது என்பது இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின் கீழ் 1923இல் நடைமுறைக்கு வந்தது. உடல்நலம் கெட்டாலோ அநியாயமாக நடத்தப்பட்டாலோ ஓராண்டுக்குள் அரச செலவில் திரும்பலாம் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. ஆனால் கங்காணி யாரைக் கூட்டி வந்தார் என்று பார்த்தால் மறுப்பின் பாதி உதிர்ந்துவிடும். தன் ஊர், தன் சாதி, தன் உறவு, உறவின் உறவு என்றுதான் ஆள் சேர்த்தார். அவர் கட்டிய கூட்டமே ஒரு பெரிய குடும்பத்தின் கிளை. கடன் அவர்களைக் கட்டியது உண்மை. அந்தக் கட்டுக்குள்ளும் யார் போவது, யார் ஊரில் நிலத்தைப் பார்ப்பது, யார் பிள்ளையைத் தாத்தாவிடம் விடுவது என்று குடும்பங்கள் முடிவெடுத்தன. 1920களில் சில ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர் இலங்கையில் வந்திறங்கினார்கள். அவ்வளவு பெரிய வருகையில் புதிதாக வந்தவர்களோடு, ஊருக்குப் போய்த் திரும்பியவர்களும் இருந்தார்கள். திருவிழாவுக்கு, காதுகுத்துக்கு, கல்யாணத்துக்கு, இழவுக்கு, தலைப்பிரசவத்துக்கு என்று போய் வந்தவர்கள் அவர்கள். கடன்பட்டவருக்கும் கொள்ளிபோட ஊருக்குப் போக வேண்டும் என்ற கடமை இருந்தது.

இந்தப் போக்குவரத்தின் முதல் கதவு 1939 ஆகஸ்டில் அடைபட்டது. இலங்கை அரசு தன் துறைகளிலிருந்து இந்தியத் தொழிலாளரை நீக்கத் தொடங்கவே, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை போவதை இந்தியா தடைசெய்தது. நேரு நேரில் வந்து போன அந்த ஆண்டில்தான் இலங்கை இந்தியன் காங்கிரசும் பிறந்தது. தடை மலையகத் தமிழரின் மானத்தைக் காக்க எடுத்த நடவடிக்கை என்றுதான் அன்று பேசப்பட்டது. அதன் நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. விளைவைத்தான் சொல்கிறேன். ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியுமா என்ற அச்சம் முதன்முதலாக லயத்துக்குள் நுழைந்தது அப்போதுதான்.

அச்சம் பத்து ஆண்டில் சட்டமாயிற்று. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட நுணுக்கமாகக் குடும்பத்தைக் குறிவைத்தது 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு இலங்கையில் இடைவிடாது வசித்ததைக் காட்ட வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் வதிவு அறுந்ததாகக் கருதப்படும். மனைவியும் வயது வராத பிள்ளைகளும் கூட இங்கேயே வசித்திருக்க வேண்டும். இதைக் குடும்பக் கண்ணால் படியுங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி, குழந்தை தேறட்டும் என்று தங்கிவிட்டாள். அந்தச் சமயத்தில் மாமனார் படுத்துவிட்டார். மூத்த பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் நடக்கக்கூடிய இவையெல்லாம் இப்போது விண்ணப்பதாரருக்கு எதிரான சாட்சியங்கள். குழந்தையையும் கிழவரையும் கவனித்த குடும்பங்களே சட்டத்தின் முன் தோற்றன. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் 8,25,000 பேருக்காகப் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. நிராகரிப்புக்கு வேறு காரணங்களும் இருந்தன. பேர்ப்பதிவு தவறியது, பத்திரம் இல்லாதது, அதிகாரியின் மனம் என்று பட்டியல் நீளும். ஆனாலும் ஊருக்குப் போய்வந்ததையே குற்றமாக்கிய விதி சட்டத்தின் நடுமையத்தில் இருந்தது. அதை எழுதியவர்களுக்கு மலையகக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பது நன்றாகவே தெரிந்திருந்தது என்று நான் நம்புகிறேன்.

பிறகு 1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டில் முடிக்க வேண்டும். அந்த மீதியை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு விவரங்களை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, ஒப்பந்தத் திகதிக்குப் பின் பிறந்த பிள்ளைகளின் பெயர் ‘இயற்கை அதிகரிப்பு’. பெற்றோர் எந்த நாட்டுக் கணக்கில் இருக்கிறார்களோ அந்தக் கணக்கில் அவர்கள் மேலதிகமாகச் சேர்வார்கள். ஒரு லயத்தில் அழும் குழந்தை அரசுக்குப் பெருகும் தொகையின் ஓர் அலகு. மற்றது முதியவர்கள் பற்றியது. இந்தியாவுக்குப் போகவேண்டியவர்கள் திருப்பி அனுப்பப்படும் வரையிலோ 55 வயது நிறையும் வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை வேலையில் இருக்கலாம் என்றது ஒப்பந்தம். அதாவது ஐம்பத்தைந்தைத் தாண்டிய அப்பாயிக்கும் தாத்தாவுக்கும் வேலை இல்லை. ஆனால் கப்பலில் இடம் கிடைக்கும் வரை லயத்தில் காத்திருக்க வேண்டும். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கக்கூடாது என்று வைத்தார்கள். பணத்துக்குக் குடும்பம் அலகு, குடியுரிமைக்கு ஆள் அலகு.

ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம்கூட ஆகாத நிலையில், 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. இறங்குதுறை மறைந்தது. ஐந்தே கால் லட்சம் பேரை எந்த வழியாக அனுப்புவதாக இரு அரசுகளும் எழுதி வைத்தனவோ அந்த வழியே காணாமல் போன நேரம் அது. பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ‘ராமானுஜம்’ கப்பல் ஓடியது. தாயகம் திரும்பியோரை ஏற்றிச் சென்ற கப்பல் என்று மலையகத்தின் நினைவில் நிற்பது அதுதான்.

லயத்தில் அப்போது நடந்த திட்டமிடலை எண்ணிப் பாருங்கள். கண்டியில் இருந்த இந்தியத் தூதரகத்துக்கு மனுப் போட வேண்டும். கடவுச்சீட்டு வந்தால், மறுவாழ்வுத் திட்டம் எது என்று குறித்த குடும்ப அட்டை வரும். அட்டையில் குடும்பத்தலைவர், மனைவி, வயது வராத பிள்ளைகள் இருப்பார்கள். மணமான மகன் தனி மனு, தனி அட்டை. அவனுடைய தாய்தந்தையர் வேறு அட்டை, அல்லது வேறு நாடு. கிழவிக்குப் பிறப்புச் சான்று கிடையாது. பிறந்தது திருச்சிப் பக்கமா, நாவலப்பிட்டிப் பக்கமா என்பதற்குத் தோட்டத்து ஆட்பதிவேடான செக்ரோல்தான் சாட்சி. கைக்குழந்தையின் பிறப்பையோ தோட்டத்துரை பதிந்து அனுப்பியாக வேண்டும். சேமலாப நிதியைக் கேட்டெழுத வேண்டும், ஆட்டையும் மாட்டையும் விற்க வேண்டும், காய்கறித் தோட்டத்தை யாருக்காவது விட வேண்டும். கடைசியில் வட்டவளையில் கோச்சி ஏறி, நாவலப்பிட்டி, பேராதனை, கடுகண்ணாவ கணவாய் இறங்கிப் பொல்கஹவெலையில் வடக்குப் பாதைக்கு மாறி, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி தாண்டித் தலைமன்னார்த் துறைக்குப் போக வேண்டும். அநுராதபுரத்துக்கு அப்பால் முன்னோர் நடந்த அதே வழிதான், இப்போது எதிர்த்திசையில். நிலையத்தில் அழுதவர்களில் பலர் வழியனுப்ப மட்டும் வந்தவர்கள் அல்லர். அவர்களும் அதே குடும்பம், அவர்களுடைய பேர் அட்டையில் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு வரும் இரண்டாவது மறுப்பு மலையகத்துக்கு உள்ளிருந்தே வருவது. அதனால் அதற்கு இன்னும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். குடும்பத்தைப் பிரித்தது அரசு மட்டுமா, நாமேதானே பிரித்துக்கொண்டோம் என்கிறார்கள். பல வீடுகளில் அண்ணன் இந்தியாவுக்கு எழுதினான், தம்பி இலங்கைக்கு எழுதினான். அப்பா அங்கே, அம்மாவின் தங்கை இங்கே. பல குடும்பங்கள் அறிந்தே இரண்டு பக்கமும் கால் வைத்தன. அது உண்மை. அதைத்தான் நான் குடும்பத் திட்டம் என்கிறேன். ஒரு கரை கைவிட்டால் மறுகரை தாங்கும் என்று நினைத்தார்கள். இங்கே பஞ்சம் வந்தால் அங்கிருந்து அரிசிக்குக் காசு வரும், அங்கே வேலை கிடைக்காவிட்டால் இங்கே லயத்தில் ஒரு மூலை இருக்கும் என்று எண்ணினார்கள். அந்த எண்ணத்தின் அடித்தளம், கடல் திறந்தே இருக்கும் என்ற நம்பிக்கை. அது மடமையான நம்பிக்கை இல்லை. 1914இலிருந்து அவர்கள் கண்டதெல்லாம் போய்வரும் கப்பல்தான். விருப்பம் என்ற வாதத்துக்கு இன்னொரு பதிலை அரசின் எண்களே சொல்கின்றன. 1970 ஏப்ரல் 30இல் மனுக்காலம் முடிந்தபோது இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் சுமார் 7,00,000, இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் சுமார் 4,00,000. ஒப்பந்தம் வகுத்த பங்குக்கு நேர்மாறான விகிதம் இது. தாத்தாவின் கல்லறையும் பேரனின் பள்ளிக்கூடமும் இங்கே இருக்கிறபோது குடும்பம் எங்கே நிற்க விரும்பும் என்பதை இந்த எண்கள் எந்தத் தூதருக்கும் விளங்கும்படி சொல்லின. யாரும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, இந்தியா நான்குக்கு ஏழு என்ற விகிதத்தில் ஆட்களை உண்மையாகவே அழைத்துக்கொண்ட பின்பே இலங்கைப் பிரஜாவுரிமை வழங்குவது என்று 1971இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்போது ஒரு குடும்பத்தின் பிரஜாவுரிமை இன்னொரு குடும்பத்தின் கப்பல் பயணத்தைப் பொறுத்தது என்றாயிற்று.

விருப்பம் பிற்பாடு மாறியதையும் மறைக்க வேண்டியதில்லை. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 1972இலும் 1975இலும் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின, பல இடங்களில் தொழிலாளர் துரத்தப்பட்டார்கள். 1977, 1981, 1983 வன்முறைகள் மலையகத்தையும் எரித்தன. இவற்றுக்குப் பின் கப்பலேறியவர்களைப் பார்த்து விரும்பித்தானே போனீர்கள் என்று கேட்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. பசியும் பயமும் பொறுக்காமல், பிள்ளையைக் காப்பாற்றவே அவர்கள் ஏறினார்கள். 1971 கணக்கெடுப்பில் 11,74,000க்கும் அதிகமாக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8,18,000 அளவுக்கு இறங்கியது. சிலர் தம்மை இலங்கைத் தமிழராகப் பதிந்ததும் அதில் ஒரு காரணம். இருந்தாலும் பெரும்பகுதி கப்பலில் போனவர்கள்தான்.

அக்கரையில் அவர்களுக்கு நேர்ந்ததை இங்கே விரிவாகச் சொல்ல இடமில்லை. மண்டபம் முகாமில் இறங்கி நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூருக்கும், கன்னியாகுமரி ரப்பர்த் தோட்டங்களுக்கும், கேரளத்தின் புனலூருக்கும், கர்நாடகத்தின் சுள்ளியாவுக்கும், ஆந்திர நூற்பாலைகளுக்கும் பிரிந்து போனார்கள். தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ அவர்களுக்காகவே வளர்ந்தது. ரெப்கோ வங்கி 1969இல் அவர்களுக்காகவே தொடங்கியது. தொழில் தொடங்க 5,000 ரூபா கடன் பெற்றவர்களில் பலர் ஊர் பேர் தெரியாத இடத்தில் அதைத் தின்று தீர்த்தார்கள். இந்தத் திட்டங்களெல்லாம் உழைக்கும் கையைக் குறிவைத்தவை. உழைத்து முடித்த கிழவிக்கு அவற்றில் இடம் இல்லை. வட்டவளை லயத்தில் பேரனைப் பார்த்துக்கொண்டவளுக்கு ஒரு வேலை இருந்தது, மதிப்பு இருந்தது. கூடலூரில் அவள் ஒரு தலைச்சுமை ஆனாள். அதுவும் அவளுடைய மற்றப் பேரப்பிள்ளைகள் வட்டவளையிலேயே இருந்தபோது.

1984இல் போர் காரணமாக இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பல் நின்றது. நீட்டிக்கப்பட்ட ஒப்பந்தக் கெடுவும் 1981 அக்டோபரிலேயே முடிந்திருந்தது. இயற்கை அதிகரிப்பையும் சேர்த்து நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்குள்ளும் பிறகுமாகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் கப்பலேற முடியாமல் போனவர்கள் ஏறத்தாழ 84,000 பேர். குடும்பங்கள் எந்த நம்பிக்கையில் தங்களை இரண்டாக வைத்துக்கொண்டனவோ அந்த நம்பிக்கை ஒரே நாளில் முறிந்தது. அண்ணன் செத்த செய்தி தம்பிக்குக் கடிதத்தில் வந்தது, அதுவும் எட்டாம் நாள் படையல் முடிந்த பின். இலங்கை அரசு 1986இலும் 1988இலும் கொண்டுவந்த சட்டங்களாலும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் இங்கே எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அது பெரிய நீதி. அதற்காகப் போராடிய தொழிற்சங்கங்களை மலையகம் நன்றியோடு நினைக்க வேண்டும். சிலர் இதோடு கணக்குத் தீர்ந்தது என்கிறார்கள். இல்லை. 2003இன் சட்டம் ஆளுக்கு நாடு கொடுத்தது, போக்குவரத்து நின்றுபோன குடும்பத்துக்கு வழி கொடுக்கவில்லை. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவராகவோ, அப்படி வசித்தவரின் வழித்தோன்றலாகவோ இருக்க வேண்டும் என்று அச்சட்டமும் கேட்டது. 1949இன் இடைவிடாத வதிவு என்ற பழைய விதி வேறு திகதியோடு திரும்பி வந்ததைப் போலத்தான் அது படுகிறது.

கடல்வழி இப்போது ஓரளவு திறந்திருக்கிறது. 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2023 ஜூலை, ஆகஸ்டில் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டானதை ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் விடப்பட்டது. யாழ்ப்பாணத்தாருக்கு அது நல்ல வழி. வட்டவளைக்காரருக்கு அது தீவின் மறுகோடி. உல்லாசக் கப்பலின் கட்டணமோ தோட்டத்துச் சம்பளக்காரர் எட்டக்கூடியதல்ல. மலையகக் குடும்பத்தின் கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குத்தான் ஓட வேண்டும். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கும் அண்ணன்மார் இன்று தாத்தாக்கள். அவர்களுக்கு வேண்டிய வரலாற்று நீதி மிகச் சிறியது. தோட்டத் தொழிலாளியின் சில நாள் சம்பளத்தில் வாங்கக்கூடிய சீட்டு, உறவைப் பார்க்க வரும் முதியவருக்குத் துறையிலேயே விசா, கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு வரிசையில் நிற்காத வழி. இரு நாட்டு அரசுகளும் அடுத்த முறை கப்பல் பற்றிப் பேச உட்காரும்போது, மலையகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தமிழ்நாட்டு அரசும் இந்த மூன்றையும் மேசையில் வைக்க வேண்டும். அந்தத் தாத்தாக்கள் உயிரோடு இருக்கும்போதே வைக்க வேண்டும்.